சாண அடுப்பும் ஆணியில் தொங்கிய கன்றுகளும்

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. தபால்காரர் நீட்டிய இடத்திலேயே, வாசற்படியில் நின்றபடி படித்துவிட்டேன்; உன் அப்பா கையில் முதலில் சிக்கியிருந்தால் அவர் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஜெபம் பண்ண ஆரம்பித்திருப்பார். “அம்மா, பெண் வீட்டில் சொல்கிறபடி அந்தச் சாண அடுப்பைக் கழற்றிவிடு. ஓர் அடுப்புக்காக ஒரு சம்பந்தத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்” என்று எழுதியிருக்கிறாய். கையெழுத்து உன்னுடையதுதான். ஆனால் போன வருடம் லீவில் வந்து, இடுப்பில் துண்டோடு கொல்லையில் இறங்கிக் குழி வெட்டி, “இந்த ஊருக்கே இதுதாம்மா வழி” என்று பிரசங்கம் பண்ணினவனும் நீதான். அந்தக் குழி இங்கேதான் இருக்கிறது, பிரசங்கம் கேட்ட நானும் இங்கேதான் இருக்கிறேன். பிரசங்கியார் மட்டும் நாக்பூரில் உட்கார்ந்துகொண்டு மனம் மாறிவிட்டார். ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிக்காதே. இந்தக் கடிதத்தில் இரண்டு பேர் வாந்தி எடுக்கிறார்கள். அதில் ஒருத்தி உன்னைப் பெற்றவள்.

பாதிக் கதை உனக்குத் தெரியும். மீதியில் நீ ரயிலேறிவிட்டாய். சீமெண்ணெய்க் கடை வரிசையில் நின்று நின்று நான் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப்போய், தலைமையாசிரியையிடம் பிள்ளைகளுக்கு முன்னாலேயே பேச்சு வாங்கிய காலம் அது. நம் தொழுவத்தில் இரண்டு பசு, ஓர் எருமை. சாணியைக் கரைத்துக் குழியில் விட்டால் அது புளித்து வாயு கிளம்பும், மேலே கவிழ்த்த இரும்பு டிரம்மில் சேரும், குழாய் வழியாக அடுப்புக்கு வரும் என்று நீ அப்பாவுக்கு என் சிலேட்டில் படம் போட்டுக் காட்டினாய். அவர் சர்ச் கமிட்டியில் கேட்பதுபோல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ஏலே, சாம்பார்ல வாடை வருமா?” வராது என்றாய். வரவும் இல்லை. ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நீ ஊருக்குப் போன அன்று அந்த அடுப்பில் கொதித்த முதல் கஞ்சியை நான் குடிக்கவில்லை. மூக்கருகே கொண்டுபோனேன், ஒரு வாடையும் இல்லை. இல்லாததே எனக்குச் சந்தேகமாகப் பட்டது. கொண்டுபோய் எருமைக்கு வைத்தேன். தன் சொந்தச் சரக்கில் வெந்ததை அது முகம் சுளிக்காமல் உறிஞ்சிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தது. இத்தனை வருடம் பிள்ளைகளுக்கு நல்லொழுக்கப் பாடம் நடத்தியவளுக்கு அந்தப் பார்வை போதும். மறுநாள் வெட்கத்தில் குடித்தேன். கஞ்சி கஞ்சியாகத்தான் இருந்தது.

ஊர் அப்படியெல்லாம் வெட்கப்படவில்லை. அடுத்த வீட்டு மரியபுஷ்பத்தை நீ அறிவாய். புருஷன் கொழும்புக்குத் தோணி ஓட்டுகிறவர், அவர் கடலில் இருக்கும் நாட்களில் இவள் மதில்மேல் இருப்பாள். “அக்கா, ஒங்க குசினிக்குள்ள ஒரு குழா போகுதே, அது கக்கூஸ்ல இருந்தா வருது?” என்றாள். தொழுவத்திலிருந்து வருகிறது என்றேன். “ரெண்டும் ஒரே எடந்தானக்கா!” என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பொத்தின மூக்கோடேயே தெரு முழுக்கப் போய்ச் சொல்லியும் விட்டாள். டிரம் வெடித்தால் தெருவே பறந்துபோகும் என்றார் ஒருவர். புதுத் துறைமுகம் வரைக்கும் போகும் என்றார் அங்கே வேலை பார்க்கிற இன்னொருவர். பெண்கள் ஐக்கியக் கூட்டம் நம் வீட்டு முறைக்கு வந்தபோது வந்தவர்களில் பாதிப் பேருக்குத் திடீரென்று உபவாசம். கிறிஸ்துமஸுக்கு நான் விடிய விடிய உட்கார்ந்து செய்த முந்திரிக்கொத்தையும் அச்சுமுறுக்கையும் ஒவ்வொரு வீடாகக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் மரியபுஷ்பம் வீட்டுக் கோழிகள் என் அச்சுமுறுக்கைக் கொத்திக்கொண்டிருந்ததை இந்தக் கண்ணாலேயே மதிலுக்கு மேலே எம்பிப் பார்த்தேன். (ஆமாம், நானும் மதில் எட்டிப் பார்க்கிறவள்தான். ஆனால் எனக்கு ஸ்டூல் வேண்டும்.) பிறகு அதே கோழியை அடித்து விருந்து வைத்தாள். என் முறுக்கைத் தின்ற கோழி சுத்தம். என் முறுக்குதான் அசுத்தம்.

சாணி போதாமல் போன நாட்களில் உன் அப்பா வாளியைத் தூக்கிக்கொண்டு உப்பு வண்டிகள் அவிழ்த்துப்போடும் இடத்துக்குப் போவார். கோட்டு போட்டுச் சபையில் காணிக்கைத் தட்டு ஏந்துகிற மனிதர், மாட்டுக்குப் பின்னால் வாளி ஏந்தி நின்றார். அந்த வழியாகப் போகிற நம் சபைப் பெண்கள் வாளியைக் கண்டதும் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொள்வார்கள். அந்த மாடுகளின் கழுத்தை நீ பார்த்திருக்கிறாயா? நுகத்தடி தேய்ந்து தேய்ந்து உள்ளங்கை அகலத்துக்குப் புண், அதன்மேல் மூட்டையிலிருந்து சிந்துகிற உப்பு. நடக்கவில்லை என்றால் வண்டிக்காரர் வாலைக் கரும்பு முறிப்பதுபோல் முறிக்கிறார். அப்பா ஒருநாள் வீட்டுக்கு வந்து வேப்பெண்ணெய்ச் சீசாவைத் தேடினார். “என்ன இது, தலைக்கா?” என்றேன். “மாட்டுக் களுத்துக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கழுத்துக்கு ஒரு குடையும் சாயவில்லை. எனக்கு இந்த ஊர்மேல் குமட்டல் ஆரம்பித்தது அங்கேதான். குமட்டல் தப்பில்லை, மகனே. கடவுள் அதைக் கெட்டுப்போன மீனைக் கண்டு விலகத்தான் கொடுத்திருக்கிறார். நாம் அதைச் சாணிக்குச் செலவழித்துவிட்டுப் புண்ணுக்கு மிச்சம் வைப்பதில்லை.

இப்படி இருக்கையில்தான் ஆத்தூர்ச் சம்பந்தம் கூடி வந்தது. சாயர்புரத்தில் படித்த பிள்ளை, லில்லி. போட்டோவைப் பார்த்து நீ எழுதிய கடிதத்தில் எழுத்துப்பிழை மலிந்திருந்ததை வைத்தே உனக்குப் பிடித்துவிட்டது என்று கண்டுகொண்டேன். பெண்ணின் தாயும் தகப்பனும் வீடு பார்க்க வந்தார்கள். ஆத்தங்கரையில் பெரிய பால்பண்ணை அவர்களுக்கு. தினமும் பஸ்ஸின் தலையில் ஏறி நம் ஊருக்கு வருகிற பால்கேன்களில் பாதி அவர்களுடையவை. அன்றைக்கு நான் ஒரு தந்திரம் பண்ணினேன். புகை வாசனை இல்லாத வீட்டில் சமையல் நடப்பதாக நம் ஜனங்கள் நம்பமாட்டார்கள் அல்லவா? பழைய விறகடுப்பில் இரண்டு தேங்காய் மட்டையைப் போட்டுப் புகையவிட்டேன். காப்பியைச் சாண அடுப்பில் போட்டேன். கண்ணைக் கசக்கிக்கொண்டே, விறகோடு போராடினவள் மாதிரி டம்ளர்களோடு வெளியே வந்தேன். சம்பந்தியம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, “விறகடுப்புக் காப்பின்னா அது தனி மணந்தான், மயினி. இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு ஸ்டவ்வுதான் தெரியுது” என்றார். இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

உன் அப்பாவுக்குப் பொய் சாட்சி பொறுக்காது. பத்துக் கட்டளையும் அவருக்காகவே எழுதப்பட்டதுபோல் நடந்துகொள்வார். அதோடு உன்னைப் பற்றிய பெருமை வேறு தொண்டை வரைக்கும் நின்றுகொண்டிருந்தது. “அது விறகு இல்லம்மா. காஸு. எம் மவன் அவன் கையால கெட்டுனது” என்றார்.

“காஸா? கம்பெனிக் காஸா, அண்ணாச்சி?”

“இல்லம்மா. சாணி.”

சம்பந்தியம்மா டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினார். ஓடினவர் வேறெங்காவது போயிருக்கலாம். நேரே போய் அந்த டிரம்மையே பிடித்துக்கொண்டு நின்று வாந்தி எடுத்தார். தான் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்ததும் மறுபடி ஒருமுறை எடுத்தார். நான் தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நின்றேன். சிரிக்கவில்லை என்று சொன்னால் அப்பாவுக்குப் பொறுக்காது, ஆகவே சொல்லவில்லை.

காரில் ஏறும்போது பெண்ணின் தகப்பனார் மரியாதையாகத்தான் பேசினார். “அண்ணாச்சி, ஒங்க குடும்பம், பையன் எல்லாம் எங்களுக்கு இஷ்டம். ஆனா எங்க பிள்ளை அந்த அடுப்புல உலை வைக்க மாட்டா. கல்யாணத்துக்கு முன்னால அது போயிரணும். எங்க பண்ணையில இருந்து ரெண்டு கறவை அனுப்புதோம், சீரா. நீங்களே வந்து பாத்து எடுத்துக்கிடுங்க.” சாணியை எடுத்துவிட்டுச் சாணி போடுகிற மாட்டைக் கொடுக்கிறார்களே என்று எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்பா என் காலை மிதித்தார்.

மாடு பார்க்க நாங்கள் போனோம். உனக்கு அப்பா எழுதிய கடிதத்தில் “பண்ணை நன்றாக இருக்கிறது” என்று ஒரு வரி இருந்திருக்கும். அது உண்மை. சிமெண்டுத் தரை, ஓடு போட்ட கூரை, ஆத்தங்கரைப் பசும்புல் கட்டுக்கட்டாக. ஆபீசர்கள் வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்களாம். நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் நடந்தேன். கடைசிச் சுவருக்கு வந்தபோதுதான் அந்த ஆணிகளைப் பார்த்தேன். நம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வந்ததும் பைகளை வரிசையாகச் சுவரில் மாட்டுவார்கள் அல்லவா, அதுபோல ஆணிக்கு ஒன்றாகக் கன்றுக்குட்டிகள் தொங்கின. தோலை உரித்து, உள்ளே வைக்கோல் திணித்து, நாலு கால் இருந்த இடத்தில் நாலு கம்பு செருகி, வயிற்றைச் சாக்கு ஊசியால் தைத்திருந்தார்கள். கண் இருந்த இடத்தில் ஓட்டை. ஒன்றின் வாய் வழியாக வைக்கோல் பிதுங்கிக்கொண்டிருந்தது. மழைக்கு நனைந்து பூஞ்சை பூத்து, அழுகல் வாடையும் கரப்பான்பூச்சி வாடையுமாக ஒரு நெடி. ஒவ்வொன்றும் எந்தப் பசுவின் கன்று என்று தெரிய, தாயின் கழுத்துக் கயிற்றிலும் கன்றின் கழுத்திலும் ஒரே நிறத்துத் துணி கட்டியிருந்தார்கள். அவ்வளவு ஒழுங்கு.

வைக்கோல் கன்றை நான் அதற்குமுன் பார்க்காதவள் இல்லை. பால்காரர் வீட்டு வாசலில் ஒன்று கிடக்கும், நாம் தாண்டிப் போவோம். வரிசையாகத் தொங்கினபோதுதான் கண்ணுக்குள் இறங்கியது. அது கறவை நேரம். ஒரு பையன் ஆணியிலிருந்து ஒன்றைக் கழற்றி, முதுகில் கொஞ்சம் உப்பைத் தடவி — நம் ஊர் உப்புதான் — ஒரு செவலைப் பசுவுக்கு முன்னால் நிறுத்தினான். அது நக்க ஆரம்பித்தது. தினமும் நக்கி நக்கி அந்த இடத்தில் மயிரே போயிருந்தது. நக்கிக்கொண்டே தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டது. நீ தொட்டிலில் கிடந்தபோது நான் போட்ட சத்தம் அதேதான். மடி சுரந்தது. “இது மடியை ஏமாத்துற வித்தை, மயினி” என்றார் சம்பந்தி, பெருமையாக.

உன் அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதெல்லாம் செத்த கன்னா அண்ணாச்சி, கொன்ன கன்னா?” என்று கேட்டார். இந்த மனிதரோடு இத்தனை வருடம் குடித்தனம் பண்ணியும் அவரிடம் இப்படி ஒரு கேள்வி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

“சேச்சே, கொல்லுவோமா? கிறிஸ்தவங்க நாம. காளைக்கன்னா பொறந்தா பால் விடமாட்டோம், அம்புட்டுத்தான். அங்கன மூலையில கெட்டிப்போட்டா தானா போயிரும்.”

மூலையை நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும். அங்கே ஏதோ ஒன்று கயிற்றை இழுக்கிற சத்தம் கேட்டது. நான் வேகமாக வீட்டுக்குள் போய்விட்டேன்.

உள்ளே சம்பந்தியம்மாவின் அடுப்பங்கரையை நீ பார்க்க வேண்டும். தரையில் முகம் பார்க்கலாம். வெள்ளி டம்ளரில், ஆடை மிதக்க, கறந்த சூடு ஆறாத பாலைக் காய்ச்சி என் முன்னால் வைத்தார். எனக்குக் கை நீளவில்லை. அந்த ஆடையைப் பார்க்கப் பார்க்க மயிர் உதிர்ந்த தோலாகத் தெரிந்தது. அவர் என் வீட்டில் பட்டதை மறக்கவில்லை, சிரித்துக்கொண்டே போட்டார்: “என்ன மயினி, சாணியில காய்ச்சுனாத்தான் ஒங்களுக்கு எறங்குமோ?” பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். ரோஷம் வந்துவிட்டது எனக்கு. ஒரே மூச்சில் குடித்து டம்ளரைக் கவிழ்த்துக் காட்டலாம் என்று எடுத்து ஒரு வாய் விழுங்கினேன். அவ்வளவுதான். அன்றைக்கு அவர் நம் கொல்லைக்கு ஓடியதைவிட வேகமாக நான் அவர் கொல்லைக்கு ஓடினேன். தாம்பூலம் மாற்றுவதற்கு முன்னாலேயே இரண்டு சம்பந்திகளும் ஒருவர் கொல்லையில் ஒருவர் வாந்தி எடுத்துக் கொடுக்கல் வாங்கலை முடித்துக்கொண்டோம். இதைவிட உறுதியான சம்பந்தம் ஜில்லாவிலேயே கிடையாது.

கிணற்றடியில் யாரோ எனக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். நிமிர்ந்தால் லில்லி. முன்பு சர்ச்சில் வைத்து அவளைப் பெண் பார்த்த அன்று தலையைக் குனிந்திருந்ததால் குரலே கேட்கவில்லை. இப்போது யாரும் பின்னால் வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுப் பேசினாள். “அத்தே, அதைப் பாத்தியளா?” பார்த்தேன் என்றேன். “சின்னதுல நான் அதைப் பொம்மைன்னு நெனச்சேன். ஒண்ணைத் தூக்கிட்டு வந்து பக்கத்துல போட்டுப் படுத்துக்கிடுவேன். ஒருநாள் தையல் விட்டுப்போச்சு. உள்ளேருந்து புழுவா வந்தது. பொறவு பால் குடிக்கதையே விட்டுட்டேன். வயித்துக்குச் சேரலைன்னு சொல்லிக் கடுங்காப்பிதான்.” சொல்லும்போது அவள் அழவில்லை, மகனே. அந்தக் கண்ணில் இருந்தது கோபம். பால்பண்ணைக்காரர் மகள், பால் குடிப்பதில்லை. அந்த வீட்டில் இத்தனை வருடத்தில் ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை.

உள்ளே இருந்து கூப்பிடும் சத்தம் கேட்டது. போகிற அவசரத்தில் அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். நீ பயந்து எழுதியிருக்கிறாய். கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. இந்தப் பெண் கைநழுவிப் போய்விடுவாளோ என்ற பயம். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. உன்னைவிட எனக்குத்தான் கூட. அவளை நான் கிணற்றடியில் பார்த்தேன், நீ போட்டோவில் மட்டும்தானே பார்த்திருக்கிறாய். ஆனால் இந்த நிபந்தனை அவளுடையது அல்ல, அவள் பெயரில் மற்றவர்கள் போட்டது. நம் ஊரும் அவர்கள் வீடும் சேர்ந்து ஓர் ஏற்பாடு பண்ணியிருக்கின்றன: எது நாறாதோ அதைப் பார்த்து மூக்கைப் பொத்துவது, எது நாறுகிறதோ அதைக் காய்ச்சி வெள்ளி டம்ளரில் ஊற்றுவது. அந்த ஏற்பாட்டுக்கு அடையாளமாக என் அடுப்பைக் கேட்கிறார்கள். கொடுத்துவிட்டால் அவர்கள் சொன்னது சரி என்று ஆகும். அதற்குப் பதிலாக இரண்டு பசு வரும். அவற்றோடு, கழுத்தில் அதே நிறத்துத் துணி கட்டிய வைக்கோல் கன்றுகள் இரண்டும் வரும். அவை இல்லாமல் அந்தப் பசுக்கள் கறக்காதாம், சம்பந்தியே சொன்னார். அவற்றை மாட்ட நம் தொழுவச் சுவரில் ஆணி யார் அடிப்பது? நீ லீவு போட்டு வந்து அடிப்பாயா?

ஆகவே பதிலை எனக்கு எழுதாதே. ஆத்தூருக்கு எழுது, உன் மாமனாருக்கு, உன் கையெழுத்தில். பசு வேண்டாம் என்று எழுது. கொடுத்தே தீருவேன் என்றால் கன்று உயிரோடு பின்னால் நடந்து வரட்டும், காளைக்கன்றாக இருந்தால் ரொம்ப நல்லது, இங்கே சாணிக்குத் தட்டுப்பாடு என்று எழுது. கல்யாணக் காப்பி அந்த அடுப்பில்தான் என்றும் எழுது. எழுதாவிட்டால், யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று சபையில் கல்யாண ஓலை வாசிக்கிற அன்று நானே எழுந்து சொல்லிவிடுவேன். உன் அம்மாவுக்கு மைக் தேவையில்லை என்பது உனக்குத் தெரியும். கல்யாணம் நின்றுபோகலாம். போகலாம் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். உன் அப்பா இதைப் படித்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். வேப்பெண்ணெய்ச் சீசாவையும் காணவில்லை.

லில்லி கேட்டது இதுதான்: “அத்தே, அந்தத் தீ நீலமா எரியுமாமே, சத்தமே இல்லாம? நான் வந்தா ஒருக்க பத்தவச்சுக் காட்டுவியளா?” காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அதைக் கழற்றிப்போட்டுவிட்டு, என்னத்தைக் காட்டி அந்தப் பிள்ளையை நான் வீட்டுக்குள் கூப்பிடுவேன்? நீயே சொல்.

மதில் எட்டிப் பார்க்கிற உன்
அம்மா